எட்டு வாரப் பொடி

முப்பது வருஷம் நடவு நட்டவள் நான். முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்ததில் வைட்டமின் டி-யும் குறைவு என்றார்கள். வெயிலிலேயே கிடந்தவளுக்கா என்று சிரித்தேன். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் போட்டுத்தானே நட்டோம்.

வாரம் ஒரு பாக்கெட் பொடி, எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து, சம்பா நடவும் தொடங்கிவிட்டது. சீக்கிரம் கால் சரியாகட்டும் என்று தினம் ஒன்றைப் பாலில் கலந்து குடித்தேன். கண்ணை மூடினால் வலியே இல்லாமல் சேற்றில் மிதந்து போவது போலிருந்தது.

ஒன்பதாம் நாள் வாந்தி, தலைசுற்றல். அப்படியும் மருந்துக்கடைக்குப் போய் இன்னும் எட்டு கேட்டேன்.

"முந்தின எட்டும் எங்கம்மா?" என்றார் கடைக்கார பாய்.

"குடிச்சிட்டேன். நடவுக்குப் போவணும்."

"வாரம் ஒண்ணு குடிக்க வேண்டியதைத் தினமுமா? அதான் வாந்தி" என்று அவர் ஷட்டரை இறக்கினார். வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டரம்மா திட்டினார். "இது எலும்புக்குப் பலம். தேஞ்ச மூட்டு இதுல வளராதும்மா. இனிமே குனிஞ்சு நடாதீங்க."

திரும்பும்போது தண்ணீர் கட்டிய வயல்களில் வானம் கிடந்தது. பாய் வண்டியை மெதுவாக ஓட்டினார். வலியை வெளியே சொல்லாததைத் தைரியம் என்றே நினைத்திருந்தேன்.

"ரொம்ப வருஷமா வலிக்குது பாய்" என்றேன்.