வெயிலில் வைப்பர் போட்ட கோச்

வெர்னா ட்ரீசன் எங்கள் கல்லூரிக்கு வந்தது நூலக உதவியாளர் வேலை கேட்டுத்தான். 1981, ஆகஸ்ட் மாதம். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. கல்லூரித் தலைவர் அவருடைய விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாஃப்ட்பால் ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டாராம்.

"சர்ச் டீம்ல ஆடியிருக்கேன். ரெண்டாவது பேஸ்."

"போதும். பொண்ணுங்க டீமுக்கு ஒரு கோச் வேணும். புத்தகம் அடுக்க யாராவது கிடைப்பாங்க."

முதல் வருடம் இருபத்தொன்பது ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றார்கள். வேனை ஓட்டியதும் சீருடைகளைத் துவைத்ததும் சுண்ணாம்புக் கோடு போட்டதும் வெர்னாவேதான். எங்கள் மைதானத்துக்குப் பின்வேலி கிடையாது. இடப்பக்கம் அடித்த பந்து நேரே சோயா வயலுக்குள் போய்விடும். எங்கள் பெண் அதைத் தேடி எடுத்து வருவதற்குள் எதிரணிப் பெண் நான்கு மூலையிலும் உள்ள பேஸ்களைச் சுற்றி ஓர் ஓட்டம் எடுத்து முடித்து, உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள்.

நான் அந்த அணியில் சேர்ந்தது 1986இல். என் பெயர் ஜனெல் கூபிச்செக். வெர்னா வைத்த பெயர் கூபி. எங்கள் வீட்டில் அறுபது மாடுகள். ஒருநாள் மாலை நான் குந்தி உட்கார்ந்து மாட்டின் மடியில் கறவைக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது, தொழுவ வாசலில் தொப்பி போட்ட ஒரு பெண்மணி நின்று வேடிக்கை பார்த்தார்.

"தினமும் இப்படித்தான் குந்தி உக்காருவியா?"

"காலைல அறுபது தடவை, சாயங்காலம் அறுபது தடவை."

"முட்டி வலிக்கலையா?"

"இல்லையே."

"அப்ப நீதான் என் கேட்ச்சர்" என்றார்.

பிட்ச்சர் கையைக் கீழிருந்து சுழற்றி வீசும் பந்தை, அடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பதுதான் கேட்ச்சரின் வேலை. மாடு உதைப்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

வெர்னாவிடம் ஒரு பெரிய தொல்லை இருந்தது. எல்லாவற்றுக்கும் சிக்னல் கொடுப்பார். மூக்கைத் தொட்டால் ஓடு, காதைத் தொட்டால் நில், தொப்பியைத் தொட்டால் பந்தை லேசாகத் தட்டிவிட்டு ஓடு. மொத்தம் பதினேழு. ஒருமுறை மூக்கில் உட்கார்ந்த கொசுவை அடித்தார்; எங்கள் பெண்கள் இரண்டு பேர் ஓடி, இரண்டு பேருமே அவுட்.

1988 மே மாதம், பக்கத்து ஊரில் மாவட்டப் போட்டி. ஐந்தாவது சுற்றில் எதிரணிப் பெண் ஒருத்தி கடைசி பேஸை நோக்கிச் சறுக்கி வந்தாள். அவள் பேஸை எட்டுவதற்குள் பந்தோடு அவளைத் தொட்டால் அவுட்; நான் தொட்டேன். அம்பயர் தொடவில்லை என்றார். உண்மையில் தொட்டேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வெர்னாவுக்குச் சந்தேகமே இல்லை. விறுவிறுவென்று மைதானத்துக்குள் வந்துவிட்டார்.

"கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா? நான் வேணா போய் எடுத்துட்டு வரட்டுமா?"

அம்பயரின் பெயர் ஆர்லன் ஸ்டூபி. வாரநாளில் தபால்காரர், வார இறுதியில் அம்பயர். குரலை உயர்த்தாத மனிதர்.

"நல்ல யோசனை. போங்க. ஆனா திரும்பி வர வேண்டாம்."

வெளியேற்றப்பட்ட கோச் மைதானத்தின் பக்கமே தென்படக் கூடாது என்பது விதி. எங்கள் பஸ் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தது. வெர்னா அதில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். அடுத்த சுற்றில் பஸ்ஸின் முன்விளக்கு இரண்டு முறை மின்னியது. எங்களில் ஒருத்தி புரிந்துகொண்டு ஓடினாள். ஒரு பேஸ் கிடைத்தது. பிறகு வைப்பர் ஓடியது. அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கும் என்று பந்தை லேசாகத் தட்டினோம், அதுவும் பலித்தது. ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று சமமானது.

ஆர்லன் வானத்தைப் பார்த்தார். ஒரு துளி மேகம் இல்லை. பஸ்ஸைப் பார்த்தார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நிதானமாக நடந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"என்னம்மா பண்றீங்க?"

"பேட்டரி சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"நல்லாத்தான் இருக்கு. சாவியக் கொடுங்க. கடைசி சீட்டுல போய் உக்காருங்க. இன்னொரு தடவை ஏதாவது மின்னுச்சு, நீங்க தோத்ததா எழுதிட்டுக் கிளம்பிடுவேன்."

கடைசி சீட்டிலிருந்து மைதானம் தெரியாது.

கடைசிச் சுற்று. நான் மூன்றாவது பேஸில் நிற்கிறேன். இன்னும் ஓர் ஓட்டம் வந்தால் வெற்றி. அடிக்க வந்தவள் ராண்டா, அணியிலேயே பூஞ்சையான பெண். எங்களோடு துணைக்கு வந்திருந்த வேதியியல் பேராசிரியரைப் பார்த்தேன். "என்னைப் பாக்காதே கூபி, எனக்கு அமிலம்தான் தெரியும்" என்றார். ராண்டா பஸ்ஸைப் பார்த்தாள். அது செத்த மாடு மாதிரி கிடந்தது. பிறகு என் பக்கத்தில் நின்ற எதிரணிப் பெண்ணைப் பார்த்தாள். அவள் ரொம்பப் பின்னால் தள்ளி நின்றிருந்தாள்; முன்னால் விழும் பந்தை ஓடிவந்து எடுக்க நேரமாகும். ராண்டா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அவ்வளவுதான். பந்து வந்ததும் தொட்டும் தொடாமலும் தட்டிவிட்டாள். நான் தலைதெறிக்க ஓடி, கடைசி பேஸில் புழுதியோடு போய் விழுந்தேன். சரியாக வந்துசேர்ந்துவிட்டேன் என்று கையை விரித்துக் காட்டியவர் அதே ஆர்லன்.

பஸ்ஸுக்குள் நாங்கள் கத்திக்கொண்டு ஏறியபோது வெர்னா கடைசி சீட்டில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"யாரு சிக்னல் கொடுத்தது?"

"யாரும் இல்ல கோச்" என்றாள் ராண்டா.

"பின்ன எப்படி?"

"அவ தள்ளி நின்னா. நான் தட்டினேன்."

மறுநாள் ஆட்டத்துக்கு வெர்னா வரத் தடை, அதில் தோற்றோம். ஆனால் அடுத்த வருடம் பதினேழு சிக்னல் மூன்றாகக் குறைந்தது. கடைசிச் சுற்றில் அந்த மூன்றும் இல்லை. "பாத்து ஆடிக்கோங்க" என்று சொல்லிவிட்டு சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு நிற்பார்.

ஆர்லனுக்கு அவர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். பதில் வந்தது: மன்னித்தாயிற்று, ஆனால் விதியின் எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிச் சண்டை போட ஓர் உணவகத்தில் சந்தித்தார்கள். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட பலகாரம் சாப்பிட்டார்கள். இன்னும் பல விதிகள் பாக்கி இருந்தன போலிருக்கிறது, இரண்டரை வருடம் சந்தித்துக்கொண்டே இருந்தார்கள். 1991 ஜனவரியில் கல்யாணம்; அந்த மாதத்தில்தான் இரண்டு பேருக்கும் ஆட்டம் கிடையாது. அதற்குப் பிறகு ஆர்லன் வெர்னாவின் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கக் கூடாது என்றார்கள். அதனால் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து முணுமுணுத்தபடி தீர்ப்பு சொல்வார்.

1994இல் நான் துணைக் கோச்சாகத் திரும்பி வந்தேன். அதனால் 2004இல் நடந்ததைப் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். அந்த வருடம் எங்களிடம் பிரிட்டா சோரன்சன் என்ற பிட்ச்சர் இருந்தாள். அவள் வீசும் பந்து கடைசி நொடியில் மேலே எழும்பும். அவளை நம்பியே முதல் முறையாகப் பிராந்திய இறுதிக்கு வந்திருந்தோம். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதலாவதில் வென்றோம். இடைவேளையில் சாண்ட்விச்சோடு ஆர்லன் வந்தார்.

"அந்தப் பொண்ணுக்குக் கை வலிக்குது, வெர்னா."

"அவ ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல மாட்டா. பந்து எழும்பல. வீசினதுக்கப்புறம் கைய உடம்போட ஒட்டி வச்சுக்கறா."

வெர்னா பிரிட்டாவைக் கூப்பிட்டு, மூடியிருந்த ஓர் ஊறுகாய்ப் புட்டியைத் திறக்கச் சொன்னார். பிரிட்டாவால் முடியவில்லை.

"நான் வீசுறேன் கோச். இன்னும் ஒரே ஒரு ஆட்டம்."

"முடியாது."

"நாலு வருஷமா இதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்."

"நான் இருபத்துமூணு வருஷமா. உக்காரு."

பிரிட்டா அழுதாள். பிறகு கோச்சைப் பார்க்கவே மறுத்துவிட்டாள். ஒன்றுக்கு ஆறு என்று தோற்றோம். விளையாட்டுத் துறைத் தலைவர் வெர்னாவிடம் கைகூடக் கொடுக்காமல் போனார். செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்கை எலும்பில் விரிசல். இன்னும் ஓர் ஆட்டம் வீசியிருந்தால் முழுசாக முறிந்திருக்கும் என்றார் மருத்துவர். கட்டுப் போட்ட கையோடு பிரிட்டா அலுவலகத்துக்கு வந்து, "இன்னும் கோபமாத்தான் இருக்கேன்" என்றாள். "இருந்துக்கோ" என்றார் வெர்னா. அரைமணி நேரம் கழித்துத்தான் பிரிட்டா எழுந்துபோனாள்.

பிராந்தியப் பட்டம் எங்கள் அணிக்குக் கிடைத்தது 2007இல். பிரிட்டா அப்போது படிப்பை முடித்து, ஒரு விதைக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்லனின் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் முழுக்க அவரோடு சண்டை போட்டாள்.

2013இல் வெர்னா ஓய்வுபெற்றார். 611 வெற்றி, 702 தோல்வி. விழாவில் பேசியவர்கள் முதல் எண்ணை மட்டும் சொன்னார்கள்; அவர் எழுந்து இரண்டாவதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அணி என் கைக்கு வந்தது.

அந்தக் கோடையில் ஒருநாள் நகரப் பூங்கா வழியாகப் போனேன். எட்டு வயதுச் சிறுமிகளுக்கு அவர் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருத்தி பந்தை அடித்துவிட்டு, முதல் பேஸுக்கு ஓடாமல் நேரே மூன்றாவது பேஸுக்கு ஓடினாள், அங்கே அவளுடைய தோழி நின்றிருந்தாள் என்பதற்காக. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெர்னா திருத்தவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தொப்பி கீழே விழும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.