காலி ஆசனம் பொறாதவர்

உலகில் சிலருக்குப் பிறர் பசி பொறாது. சிலருக்குப் பிறர் புகழ் பொறாது. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்த கிஷாந்துக்குப் பொறாதது ஒன்றே ஒன்று: காலியாகக் கிடக்கும் ஆசனம்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக லக்கலவுக்கு ஓடிய தனியார் பஸ்ஸில் அவர் பல்லாண்டு கொண்டக்டராக விளங்கினார். ஐம்பது பேர் கொள்ளும் வண்டியில் தொண்ணூறு பேரை ஏற்றியபின்னும், "உள்ளுக்கு இடம் இருக்கு, உள்ளுக்குப் போங்க" என்று அவர் அருளும் வாக்கை நம்பி, மூச்சையும் உள்ளிழுத்துக்கொண்டு இடம் விட்டவர்கள் பலர். மிதிபலகையில் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாக நின்று, மலைப்பாதையின் வளைவு ஒவ்வொன்றிலும் எதையும் பற்றாமல் சாய்ந்து நிமிரும் அவரைக் காற்றில் ஆடும் கொடி என்று பாடலாம். ஆயினும் அவர் உடல் பலாப்பழத்தை ஒத்ததாகையால் அவ்வுவமை பொருந்தாது.

அந்தப் பஸ் ஒருநாள் ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் கரும்புகை கக்கி உயிர்நீத்தது. லக்கல மக்களுக்கு இருந்த சில பஸ்களில் ஒன்று குறைந்தது. கிஷாந்துக்கு இருந்த ஒரே தொழில் போயிற்று. மாத்தளையில் கோழிக்கடை வைத்திருந்த மனைவியின் அண்ணன் ஜெயக்காந்தன் உடனே கை கொடுத்தார்.

"யோசிக்காதீங்க மச்சான். நம்ம கடையில இறகு பிடுங்க ஒரு ஆள் வேணும். ஏப்ரன் எல்லாம் புதுசு."

மனைவி கிருஷாந்தினி அன்று மாலை அடுப்படியிலிருந்து தீர்ப்பு வழங்கினார். "எங்கண்ணன் கடையில நீங்க இறகு பிடுங்குனா, அண்ணி என்னையப் பாத்துச் சிரிக்கிற சிரிப்ப நீங்களா தாங்குவீங்க? வேற எதையாவது தேடுங்க. ஆத்துல குதிங்க, பரவால்ல."

அவர் அவ்வாறே செய்தார். லக்கலப் பக்கத்து ஆற்றில் சுற்றுலாப் பயணிகளைக் காற்றடைத்த ரப்பர் படகில் ஏற்றி, பாறைகளினிடையே நுரைத்துப் பாயும் நீரில் செலுத்தும் நிறுவனம் ஒன்று அப்பொழுதுதான் தொடங்கியிருந்தது. அப்படகை ராஃப்ட் என்பர்; அதன் பின்முனையில் அமர்ந்து துடுப்பால் திசை திருப்பி, முன்னிருந்து துடுப்பு வலிக்கும் பயணிகளுக்குக் கட்டளையிடுபவர் கைட். அப்பதவிக்குப் பயிற்சி பெறச் சேர்ந்தார் கிஷாந்த். பயிற்றுநர் றுக்ஸானா, மாத்தளை நகரத்துப் பெண். கிஷாந்தைவிட எட்டு வயது இளையவர். சிரிப்பை மிகச் சிக்கனமாகச் செலவிடுபவர்.

"இதுல எத்தின பேர் ஏறலாம், சொல்லுங்க பாப்போம்?" என்று முதல்நாள் வினவினார் அவர்.

கிஷாந்த் படகைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, விடை பகர்ந்தார். "உட்கார்ந்தா பன்னெண்டு மிஸ். நின்னா இருபது."

"ஆறு."

"ஆறு பேரோட வெளிக்கிட்டா முதலாளிக்குக் கட்டுப்படியாகுமா மிஸ்?"

படகைக் கவிழ்த்து நிமிர்த்தும் பயிற்சியில் அவர் ஆற்றில் பாதியைக் குடித்தார். மறுபாதி வழக்கம்போல் ஓடியது. எனினும் விரைவில் றுக்ஸானாவே வியக்கும் இயல்புகள் சில அவரிடம் வெளிப்பட்டன. எவ்வளவு துள்ளினும் அவர் படகிலிருந்து விழவில்லை. ஏறுவோரை ஒரு முறை நோக்கியதும் எடையறிந்து, "நீங்க இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம்" என்று அவர் அமர்த்தினால் படகு துலாக்கோல் போல் சமன்பட்டது. அவர் குரலோ, அருவி இரைச்சலைப் பிளந்துகொண்டு அக்கரையை எட்டியது.

குறை ஒன்றே. அந்த ஆற்றங்கரை நெடுக லக்கல மக்களின் வயல்களும் காடழித்துப் பயிரிட்ட சேனைகளும் கிடந்தன. பாதையில் யானை நின்றால் எஞ்சிய பஸ்களும் வருவதில்லை. அத்தகைய நாளொன்றில், இரண்டு பூசணிக்காய்களுடன் கரையில் நின்ற கமக்காரர் ஒருவர் படகைக் கண்டு கை காட்டினார். படகில் ஓர் ஆசனம் காலியாக இருந்தது. பயிற்சி நடுவே படகு கரை சேர்ந்தது. பூசணிக்காய்கள் முதலில் ஏறின.

"ஏன் நிப்பாட்டினீங்க?" என்றார் றுக்ஸானா.

"கை காட்டினாரு மிஸ்."

"காட்டினா?"

"ரெகுலர் பெசஞ்சர் மிஸ். மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போக முடியுமா?"

"அண்ணா, இது பஸ் இல்ல. இன்னொருக்கா யாரையாவது ஏத்தினா நீங்க நேரா கோழிக்கடைக்குப் போகலாம். நானே ஃபோன் எடுத்துச் சொல்றேன்."

பரிசோதனை நாள் வந்தது. கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் இத்ரூஸ், பேரருவியையே அதட்டி நிறுத்துபவர் போன்ற புருவம் உடையவர், முன்வரிசையில் அமர்ந்தார். றுக்ஸானாவும் நிறுவனத்தார் மூவரும் ஏறினர். ஆறாமவருக்குக் காய்ச்சல், அவருடைய உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் மட்டும் வந்திருந்தன. கிஷாந்த் அந்த வெற்றிடத்தை நோக்கினார், நோக்காதிருக்க முயன்றார், மீண்டும் நோக்கினார்.

அன்றும் பாதையில் யானை. முதல் திருப்பத்தில் ஒரு கை எழுந்தது. அவர் ஆகாயத்தைப் பார்த்துக் கடந்தார். அடுத்த திருப்பத்தில் இரு கைகள். பல்லைக் கடித்துக் கடந்தார். 'உரல்' என்று கைட்கள் பெயரிட்ட கொடும் பாய்ச்சலுக்கு முன்னே, ஆறு சற்று ஓய்ந்து கிடக்கும் இடத்தில், ஜுனைதா நின்றிருந்தார். வாரந்தோறும் கிஷாந்தின் பஸ்ஸில் சந்தைக்குப் போய்வந்த பெண்மணி. அவர் கை காட்டவே இல்லை. படகைக் கண்டதும், ஏறுவது எப்போதோ முடிவான காரியம் போல, பக்கத்தில் நின்ற ஆட்டுக்குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

இதற்குமேல் ஒரு மனிதனால் என்ன செய்ய இயலும்? துடுப்பு தானே திரும்பிற்று.

"அண்ணா," என்றார் றுக்ஸானா, மிக மெதுவாக.

"ஒரே நிமிஷம் மிஸ்." ஜுனைதாவின் முக்காட்டின்மேல் தலைக்கவசம் ஏறியது, அங்கியின் வார்கள் இறுகின, காலி ஆசனம் நிரம்பிற்று. கிஷாந்தின் முகத்தில் பௌர்ணமி உதித்தது. ஆடு மட்டும் எஞ்சியது. நெரிசலான பஸ்ஸில் நிற்பவரின் பொதியை அமர்ந்திருப்பவரிடம் ஒப்படைப்பதன்றோ நாட்டு வழக்கம்? அவர் ஆட்டைத் தூக்கிப் பரிசோதகரிடம் நீட்டினார்.

"சேர், இதக் கொஞ்சம் மடியில வெச்சுக்கங்க."

இத்ரூஸ் வாய் திறக்குமுன் ஆடு மடியில் இருந்தது. அவரும் சிறுவயதில் பஸ்ஸில் போனவர்தானே. கைகள் தாமாகவே அணைத்துக்கொண்டன.

உரலுக்குள் படகு பாய்ந்தது. "ஃபோர்வட்! குனிங்க! ஃபோர்வட்!" என்ற குரல் பாறைகளில் மோதித் திரும்பியது. இடப்பாறையை ஒரு சாண் இடைவெளியில் தவிர்த்து, வலச்சுழியை வளைத்து, இறுதி வீழ்ச்சியில் முழுப் படகும் நுரைக்குள் மறைந்து வெளிவந்தபோது, ஏறியவர் அனைவரும் ஏறிய இடத்திலேயே இருந்தனர். ஆடு மட்டும் இத்ரூஸின் தலைக்கவச வாரைப் பாதி தின்றிருந்தது.

பயணம் முடியும் பாலத்தடியில் ஜுனைதா ஆட்டுடன் இறங்கி, "முந்தின பஸ்ஸவிட இது குலுக்கல் கொஞ்சம் கொறவுதான்" என்று நற்சான்று அளித்துச் சென்றார்.

இத்ரூஸ் சட்டையிலிருந்த ஆட்டுமயிரைத் தட்டினார். "ஓட்டினதுல ஒரு பிழையும் சொல்ல ஏலாது. ஏத்தினதுக்கு ஃபெயில். ஏன் மனுசா ஏத்தினீங்க?"

கிஷாந்தின் கண்முன் ஒரு புது ஏப்ரன் ஆடியது. "சீட் காலியா இருந்திச்சு சேர்."

றுக்ஸானா நிமிர்ந்தார். "நிரம்பியிருந்தா நிப்பாட்டியிருப்பீங்களா?"

"நிரம்பினா எப்படி மிஸ்? இதுல நிக்கவும் முடியாதே. டிரைவர் ஏசுவாரே."

றுக்ஸானா பரிசோதகரைத் தனியே அழைத்துச் சென்று நெடுநேரம் பேசினார். திரும்பி வந்த இத்ரூஸ், அடுத்த கிழமை இன்னொரு வாய்ப்பு உண்டென்றும், அதுவே கடைசி என்றும், தம் மடியில் எந்த உயிரும் வைக்கப்படலாகாது என்றும் அறிவித்தார்.

அடுத்த கிழமை அதே ஆறு, அதே யானை. ஆறாவது ஆசனத்தில் இம்முறை, அங்கியும் தலைக்கவசமும் அணிந்து, ஒரு மணல் மூட்டை வீற்றிருந்தது. கிஷாந்த் ஏறியதும் ஆசனங்களை எண்ணினார். முகம் தெளிந்தது. கரையில் எழுந்த கைகளுக்கெல்லாம், நிரம்பிய பஸ்ஸின் கொண்டக்டர் போல், உள்ளங்கையைச் சுழற்றிக் காட்டிக்கொண்டே கடந்தார்.

உரலுக்கு முன் ஜுனைதா நின்றிருந்தார், இம்முறை ஒரு சாக்கு மிளகாயுடன். படகு அணுகியது, விலகத் தொடங்கியது. அவர் ஆறாவது ஆசனத்தை உற்றுநோக்கினார்.

"தம்பி, மணல் மூட்டைக்கு சீட் ஈக்குது, எனக்கு இல்லையா?"

இத்ரூஸின் புருவம் உயர்ந்தது. துடுப்பு கரைப்பக்கம் திரும்பப் பார்த்து மீண்டது.

"மன்னிச்சுக்கங்க ராத்தா," என்றார் கிஷாந்த். "அவங்க முந்தின பஸ் ஹோல்ட்டுலயே ஏறிட்டாங்க."

படகு நிற்கவில்லை, உரலைக் கடந்தது, பாலத்தடியில் கிஷாந்த் கைட் ஆனார்.

மறுநாட் காலை, கைட் என்று எழுதிய புதுச் சீருடையுடன் அவர் படகுத்துறைக்கு வந்தபோது, அங்கே ஒரு வரிசை நின்றது. முன்னணியில் மிளகாய்ச் சாக்குடன் ஜுனைதா.

"முந்தின ஹோல்ட் இதுதானே தம்பி?"