புளியங்கட்டை வைத்த ஜாக்கி

சேவூர் அருகே என் நெல்வண்டியின் அச்சுமரம் பிளந்தது. மூட்டைகளை இறக்க ஆளில்லை. ஆரணியிலிருந்து வந்த ஆசாரி மெலிந்தவர். யார் முகத்தையும் பார்க்காதவர். ரயில்காரர்கள் கழித்துப்போட்ட ஜாக்கியின் தலையில் ஒரு புளியங்கட்டையைப் பொருத்தினார். அச்சு நழுவாமல் உட்கார அதில் அவரே குழி செதுக்கியிருந்தார். பாரத்தோடு வண்டி எழுந்தது. இரும்புப் பட்டை போட அடியில் நுழையுமுன், கட்டையை மூன்று முறை தட்டிப் பார்த்தார்.

சும்மா நிற்க எனக்கு வராது. "நானும் தாங்கிப் பிடிக்கிறேனே" என்றேன்.

"வேணாங்க, தள்ளி நில்லுங்க. மனுசன் கைய வுட்ருவான். கட்டை வுடாது."

"அப்படி யாராவது விட்டுட்டாங்களா?"

வண்டிக்கு அடியில் சுத்தியல் சத்தம் நின்றது.

"அடியில இருந்தது என் தம்பி. புடிச்சிகினு இருந்தது நான்."

அவர் வெளியே வரும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றேன்.