சிக்கு வாடை

டயர் தொழிற்சாலையில் ரப்பரோடு கரித்தூளையும் எண்ணெயையும் கலக்கும் இயந்திரத்தில் பதினெட்டு வருஷம் நின்றவர் அவர். எல்லோருக்கும் கரியண்ணன். ரப்பரை இளக்க ஊற்றும் பெட்ரோலிய எண்ணெய் தார் மாதிரி இருக்கும். எந்த சோப்புக்கும் அசையாமல் நகக்கண்ணில் உட்கார்ந்துகொள்ளும். தன் கையால் சாப்பிட அவருக்கே அருவருப்பு. மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையை நீட்டியபோது, "நீயே வச்சுக்கம்மா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதனால், இனிமேல் சோயா எண்ணெய்தான் என்று மேலாளர் அறிவித்ததும் முதலில் கைதட்டியது அவர்தான்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ரப்பர் பதமாக இளகியது. மூன்றாம் மாதம் வந்த பீப்பாய்களை, இடமில்லை என்று கொதிகலன் அறைச் சுவரோரம் அடுக்கிவிட்டார்கள். வாரக்கணக்கில் வெந்து கிடந்தன. மூடியைத் திறந்ததும் சிக்கு வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. மேலே பழுப்பாக ஆடை. குச்சியால் தொட்டால் சளி போல இழுத்தது. மேலாளரைக் கூட்டிவந்து காட்டினார்.

"கெட்டுப்போச்சு சார். ஊத்த முடியாது."

மேலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இயற்கைப் பொருள்னா வாசனை இருக்கத்தான் செய்யும். பழைய கறுப்பு எண்ணெயைக் கொஞ்சம் கலந்துடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"தாவர எண்ணெய்னு சொல்லித்தானே சார் விக்கிறோம்?"

"விக்கிறது என் கவலை. நீங்க ஊத்துங்க."

பதினெட்டு வருஷக் கறுப்பு எண்ணெய்கூட அவரை இப்படிக் குமட்ட வைத்ததில்லை. வால்வை இறுக மூடினார். அந்த ஆடையை ஒரு டப்பாவில் வழித்து, பரிசோதனைக் கூடத்துப் பெண்ணின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"முதல்ல மூடுங்கண்ணா, வாந்தி வருது" என்றவள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு அதையே கலந்து சின்னதாக ஒரு ரப்பர் துண்டு செய்தாள். மறுநாள் துண்டின் மேல் எண்ணெய் வியர்வையாகப் பூத்திருந்தது. இழுத்ததும் பட்டென்று அறுந்தது. அறிக்கையை நேராகத் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டாள்.

பீப்பாய்கள் அப்புறப்படுத்தப்பட்டன. மேலாளருக்கு வேறு கிளையில் இதைவிடப் பெரிய பதவி கிடைத்தது. கேள்விப்பட்ட கரியண்ணன் ஜன்னல் வழியே காறித் துப்பினார். அவரையோ கிடங்கில் டயர் அடுக்கப் போட்டார்கள்.

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"மூடினா மூக்கு வழியா வருதே, என்ன பண்ண?"

ஐந்து மாதம் கழித்துப் புது மேலாளர் அவரை மறுபடி இயந்திரத்துக்கு அழைத்தார். ஒவ்வொரு பீப்பாயையும் தானே திறந்து பார்த்த பிறகுதான் ஊற்றுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டே கரியண்ணன் போனார். இப்போது வருவது நல்ல எண்ணெய்தான். ஆனாலும் கேன்டீனில் பொரித்த எதையும் அவரால் வாயில் வைக்க முடிவதில்லை.