ஒளித்து வைத்த களிச்சட்டி

என் கணவர் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். புதுச்சத்திரம் பக்கம் எங்கள் ஊரில் பாதி ஆண்களுக்கு அதுதான் வேலை. வண்டி வடக்கே போனால் திரும்பி வர நாலைந்து மாதம் ஆகும். அதனால் எங்கள் தெருவில் வீடு திரும்பிய புருஷன் விருந்தாளி மாதிரிதான். அவன் இருக்கிற நாள் வரைக்கும் வெள்ளைச் சோறு, கோழி, முட்டை. ராகிக் களியும் கீரையும் பெண்கள் தனியாக இருக்கும்போது தின்பது. வண்டிக்காரனுக்குக் களி போட்டாள் என்று பேர் வந்துவிட்டால் குழாயடியில் தலை காட்ட முடியாது.

இந்த வெட்டி மானத்தில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அவர் வருவதாகப் போன் வந்ததுமே களிச்சட்டியை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன்.

வண்டியோடு போகிற இடத்தில் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். சோறும் பருப்புத் தண்ணீரும், இல்லாவிட்டால் பரோட்டா. காய் என்றால் உருளைக்கிழங்கு. துளை இறங்கும்போது வண்டியை விட்டு ஒதுங்கப் போக முடியாது என்று தண்ணீரைக்கூட அளந்துதான் குடிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் காலையில் கக்கூசுக்குள் போனவர் அரைமணி நேரம் ஆகியும் வெளியே வரமாட்டார்.

"உள்ளயும் போர் போடறீங்களாக்கும்?" என்று கதவுக்கு வெளியே நின்று கிண்டல் செய்வேன். உள்ளேயிருந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பினேன்.

ஒருமுறை அவர் ஏதோ தேடப்போய்ச் சட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். காலையில் எனக்கென்று வைத்திருந்த களி உருண்டையை மோரில் கரைத்து, நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கினேன்.

"குடு புள்ள. வகுறு கல்லாட்டம் கெடக்குது. நாளைக்கும் களி கெளறி, கீரை கடஞ்சு போடு."

"ஏனுங்க, ஊடு வந்த மனுசனுக்குக் களியப் போட்டா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?"

அவர் மறுபடி கேட்கவில்லை. மறுநாள் கோழி அடித்தேன்.

அடுத்த முறை வந்தபோது பாதியாக இளைத்திருந்தார். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ஒரு வருடமாக ரத்தம் போகிறது, மூலம் என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன் என்று டாக்டரிடம் அவர் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. பரிசோதனை எல்லாம் முடிந்து, பெருங்குடலில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

"வீட்ல என்ன சாப்பிடுவார்?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லாத்தாங்க போடுவேன். கோழி, முட்டை, அரிசிச் சோறு." அப்போதும் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

"கீரை, ராகி, கம்பு?"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"கேட்டாப் போடுவாளுங்க. நாந்தான் கேக்கல."

பொய் சொன்ன அந்த வாயைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நார்ச்சத்தும் தண்ணீரும் குறைந்தால் மலம் இறுகும், கட்டிக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, ரத்தம் பார்த்த அன்றே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அதெல்லாம் புரிந்தது. புரிந்து என்ன? அவருக்கு வயிறு சரியில்லை என்று தெரிந்தும் கேலி பேசியவள் நான்தானே.

கடைசி மாதத்தில் அவராகவே களி கேட்டார். குடல் சுருங்கிவிட்டது, இனி நார் உள்ள எதுவும் அடைத்துக்கொள்ளும், குழைந்த அரிசிக் கஞ்சி மட்டும்தான் என்று அதற்குள் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது முறையும் அவருக்குக் களி இல்லை என்றேன். கஞ்சியை ஊட்டினேன். வாய் திறந்து வாங்கிக்கொண்டார்.

பதினாறாம் நாள் படையலுக்கு அவருடைய அக்கா கோழிக் குழம்பும் முட்டையும் செய்து வைத்திருந்தார். நான் சட்டியை எடுத்துவந்து களி கிளறினேன். கீரை கடைந்தேன். இலையின் நடுவில் உருண்டையை வைத்தபோது அக்கா என் கையைப் பிடித்தார்.

"களியவா வெக்கற? ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?"

"பேசட்டுங்க" என்றேன்.

அவர் நின்றபடியே களி கேட்ட அன்றைக்கு இந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.