வேர்விடாத வருக்கை

நேற்று ஊசி போட வந்த நர்ஸ், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு என் கையில் தேய்த்தாள். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி நினைவு வரும். எனக்கு வந்தது திருவட்டாறு பக்கத்தில் நின்ற ஒரு பலாமரம். கூடவே, இத்தனை வருஷமாகியும் ஆறாத எரிச்சல்.

எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். விவசாய இலாகாவில் நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெட்டிய கொம்பில் வேர் பிடிக்கவைக்கும் ஹார்மோன் பொடி சின்னக் குப்பியில் ஆபீசுக்கு வந்திருந்தது. ஸ்பிரிட்டில் கரைத்து, கொம்பின் அடியை முக்கி, மணலில் நட வேண்டும். செம்பருத்தியில் செய்து பார்த்தேன். சில வாரத்தில் தாடிபோல வேர். அதோடு என் தலை கனத்துவிட்டது.

தங்கம்மை என்ற விதவை என்னைத் தேடி வந்தது அப்போதுதான். ரோட்டை அகலப்படுத்த அவள் முற்றத்து வருக்கைப் பலாவுக்குக் குறி போட்டிருந்தார்கள். வெட்ட மூன்று மாதம் தவணை. அதற்குள் அதே ருசியில் ஒரு கன்று வேண்டும் அவளுக்கு. பலாப்பழத்தை எங்கள் பக்கம் சக்கை என்போம்; அதன் கொட்டையில் முளைத்ததெல்லாம் வருக்கையின் கெட்டிச் சுளை இல்லாமல், கொழகொழத்த கூழன் சக்கையாகத்தான் காய்த்ததாம்.

"பக்கத்துல ஒரு கன்னு வச்சு, கொம்பச் சேத்துக் கெட்டி ஒட்டுப் பிடிக்கலாம்னு சொல்லுதாவளே சாரே?"

"அதெல்லாம் பழைய ஏற்பாடும்மா. நம்மகிட்ட மருந்து இருக்கு" என்றேன். என்ன ஒரு தோரணை!

அவள் வீட்டுக் கொல்லையில் மணல் பரப்பி முதலில் நட்ட நாற்பது கொம்பும் அடி கறுத்துச் செத்தன. மருந்து அதிகம். குறைத்துக் கரைத்து மறுபடி நட்டேன். மூன்றாவது வாரம் தங்கம்மை ஓடி வந்தாள்.

"மொளச்சிட்டு சாரே! எல வந்துட்டு!"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலதிகாரியைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு கொம்பைப் பிடுங்கினார். அடியில் வெள்ளையாக ஒரு வீக்கம். மருந்துக்குக்கூட ஒரு வேர் இல்லை. கொம்பில் மிச்சமிருந்த சத்தில் துளிர்த்த இலை அது.

"எலையப் பாத்து ஏமாந்துட்டீரே ஓய்" என்றார்.

மூன்றாம் முறை நட்டது மழையில் அழுகியது. ஒட்டுக் கட்ட இனி நாளில்லை. முதிர்ந்த பலாவின் கொம்பு வேர்விடுவது வெகு அபூர்வம் என்று எழுதிய புத்தகம், ஆபீஸ் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. நான்தான் திறக்கவில்லை.

மரம் வெட்டிய அன்று, கடைசிச் சக்கையைப் பிளந்து வெட்டுக்காரர்களுக்கும் எனக்கும் தந்தாள் தங்கம்மை.

"தின்னுங்க சாரே. நீங்களும் பாடுபட்டியளே."

திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவளும் இல்லை, அந்த வீடும் இல்லை. அந்தச் சுளையைத் தின்றவர்களில் அநேகமாக நான் ஒருவன்தான் மிச்சம். அது எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கிறேன். தேன் மாதிரி என்றுதான் வாயில் வருகிறது. எந்தச் சக்கையையும் அப்படித்தானே சொல்கிறார்கள்.