நனையாத தீர்ப்பு

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. மெயின் அருவிக்கு முன்னால், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு நின்ற ஒருவர் மெழுகுத்துணியில் சுற்றிய காகிதக் கட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். "நனையாம வச்சிருங்க தம்பி." குளிக்கும்போதும் மூன்று தடவை தலையை வெளியே நீட்டி அதைப் பார்த்துக்கொண்டார்.

அவர் குளித்துவிட்டு வந்ததும் என்ன காகிதம் என்று கேட்டுவிட்டேன். தென்காசிப் பக்கம் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்தவராம். பட்டா மாற்ற லஞ்சம் வாங்கியதாக வேலையைப் பறித்துவிட்டார்கள். ஐகோர்ட்டும் மனுவைத் தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்புதான் அந்தக் கட்டுக்குள் இருந்தது.

"அப்பீல் போனா வேலை திரும்பக் கெடைக்குமா?" என்று கேட்டார்.

நான் அப்போது சட்டக் கல்லூரி மாணவன். சும்மா இருப்பேனா?

"வேலையப் பறிக்க முன்னாடி நடந்த ஆபீஸ் விசாரணையில உங்கள பேச விட்டாவளா அண்ணாச்சி?"

"விட்டாவ. சாட்சிய குறுக்குக் கேள்விகூட கேட்டேன்."

"அப்போ அப்பீல் நிக்காது. விசாரணை முறையா நடந்துதான்னு மட்டுந்தான் கோர்ட்டு பாக்கும். சாட்சியத்த மறுபடி எடை போடாது."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். "ஜட்ஜும் இதத்தான் எழுதியிருக்காரு. நான் வாங்குனேனான்னு அவரும் கேக்கல. நீங்களும் கேக்கலியே."

எனக்குச் சுருக்கென்றது. "வாங்குனீயளா அண்ணாச்சி?"

"அப்பீல் நிக்காதுன்னு சொல்லிட்டு இப்பம் கேக்கியளே" என்றவர், கட்டை என்னிடமிருந்து வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

வாங்கினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தோற்ற தீர்ப்பை எதற்காக அவ்வளவு பத்திரமாக நனையாமல் காத்தார் என்பதும் தெரியாது.